கூரை மேல் ஒளிந்திருக்கும் பழுது

உடுமலைப்பேட்டையிலிருந்து பல்லடம் வழியாகத் திருப்பூருக்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றில் சுழலும் காற்றாலைகளைச் சாலையின் இருபுறமும் கண்டிருப்பீர்கள். அண்மை ஆண்டுகளில் அவற்றோடு மற்றொன்றும் சேர்ந்திருக்கிறது. நூற்பாலை, விசைத்தறிக் கூடம், பின்னலாடைத் தொழிற்கூடம் ஆகியவற்றின் கூரைகளிலும், சில தென்னந்தோப்புகளின் கிணற்றடிகளிலும் கருநீல நிறப் பலகைகள் வரிசையாகப் படுத்துக் கிடக்கின்றன. 'சோலார் பேனல்' என்று எல்லாரும் அழைக்கும் சூரியப் பலகைகளே அவை.

சூரியப் பலகையில் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. அது ஓசை எழுப்புவதில்லை, புகை விடுவதில்லை. இது அதன் சிறப்பு. ஆனால் இச்சிறப்பிலேயே ஓர் இடரும் இருக்கிறது. நூற்பு எந்திரத்தில் பழுது நேர்ந்தால் ஓசை மாறும், நூல் அறும், பணியாளர் உடனே திரும்பிப் பார்ப்பார். கூரை மேல் முந்நூறு பலகைகளுக்கு நடுவே ஒரு கம்பியின் உறையில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் யாருக்கும் தெரியாது. விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருக்கும். எந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்தக் கூரையின் கீழே அடுக்கியிருப்பதோ பஞ்சுப் பொதிகள்!

அப்பழுது இருப்பதை எவ்வாறு அறிவது? முந்நூறு பலகைகளில் அது எங்கே இருக்கிறது என்று எவ்வாறு கண்டுபிடிப்பது? இதற்கு வேண்டிய இயற்பியல் முழுவதும் உங்கள் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது என்றால் வியப்படைவீர்கள். அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கலம், பலகை, சரம்

சிலிக்கானால் ஆன ஒரு சூரிய மின்கலம் தரும் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.6 வோல்ட். டார்ச்சு விளக்கில் போடும் மின்கலம் 1.5 வோல்ட் தருகிறது. அதில் பாதிகூட இல்லை. 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவர் சிலிக்கான் சூரிய மின்கலத்தை உருவாக்கியபோது, தன்மேல் விழுந்த ஒளியாற்றலில் நூற்றுக்கு 6 பங்கையே அது மின்னாற்றலாக மாற்றியது. இன்றைய பலகைகள் 20 பங்கையும் கடந்துவிட்டன. ஆனால் கலத்தின் மின்னழுத்தம் பெரிதாக உயர்ந்துவிடவில்லை.

ஆகவே பல கலங்களைத் தொடரிணைப்பில் இணைக்கிறார்கள். 72 கலங்கள் கொண்ட பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 25 டிகிரி செல்சியசில், சுமை எதுவும் இணைக்காத நிலையில், இது ஏறத்தாழ 45 வோல்ட் தரும். வெப்பம் ஏற ஏற மின்னழுத்தம் குறைவது சிலிக்கானின் இயல்பு. உடுமலைப்பேட்டை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே பத்தரை டிகிரி தொலைவில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். அவ்வேளையில் பலகை 60 டிகிரி வரை சூடாகிவிடும். மின்னழுத்தம் 40 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். நம் கணக்குகளுக்கு 40 வோல்ட் என்றே வைத்துக்கொள்வோம்.

இத்தகைய 20 பலகைகளைப் பூத்தொடுப்பதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் கிடைப்பதைச் 'சரம்' என்கிறோம். சரத்தின் இரு முனைகளுக்கும் இடையே 20 × 40 = 800 வோல்ட் இருக்கும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். சரத்தில் ஓடும் மின்னோட்டம் மட்டும் கூடுவதில்லை. ஒரு பலகையில் ஓடுவதே 20 பலகைகளிலும் ஓடும். நண்பகலில் அது 8.5 ஆம்பியர் எனக் கொள்வோம்.

பெயரளவில் 100 கிலோவாட் திறன் கொண்ட கூரை நிலையத்தில் இத்தகைய சரங்கள் 15 இருக்கலாம். அவை பக்க இணைப்பில் ஒன்றுசேர்ந்து இன்வெர்ட்டருக்குச் செல்லும். நேர்திசை மின்னோட்டத்தை ஆலைக்கு வேண்டிய மாறுதிசை மின்னோட்டமாக மாற்றித் தருவது இன்வெர்ட்டரின் வேலை.

ஃபியூஸ் ஏன் எரிவதில்லை?

வீட்டில் இரு கம்பிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டால் என்ன ஆகும்? 'ஷார்ட்' ஆகிவிட்டது என்கிறோம். நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே நொடியில் பாயும். ஃபியூஸ் எரியும் அல்லது எம்.சி.பி. விழும். அத்துடன் இடர் நீங்கும். வீட்டில் பழுது தன்னைத் தானே காட்டிக்கொள்கிறது.

சூரியப் பலகை அவ்வாறன்று. அதன் இரு முனைகளையும் நேரே இணைத்துவிட்டாலும் ஓடும் மின்னோட்டம் ஏறத்தாழ 9 ஆம்பியர்தான். வேலை செய்யும்போது ஓடுவது 8.5 ஆம்பியர். வேறுபாடு அரை ஆம்பியர்! கம்பி தாங்கக்கூடிய அளவுக்கு ஏற்ப அங்கே வைத்திருக்கும் 15 ஆம்பியர் ஃபியூஸுக்கு இந்த அரை ஆம்பியர் உறைக்குமா?

ஏன் இப்படி? வாய்க்கால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். திருமூர்த்தி அணையின் மதகைத் திறந்தால் தேக்கி வைத்த நீர் பாய்ந்து வரும். மேலும் திறந்தால் மேலும் வரும். வீட்டு மின்சாரம் அணை நீர் போன்றது. ஆனால் மலைச்சுனையிலிருந்து வரும் ஓடையில் மடையை எவ்வளவு அகலமாக வெட்டினாலும், சுனையில் ஊறும் நீருக்கு மேல் ஒரு குடம்கூட வராது. சூரியப் பலகை சுனை போன்றது. விழும் ஒளி எத்தனை எலெக்ட்ரான்களை விடுவிக்கிறதோ அத்தனைதான் ஓடும். மின்னோட்டத்தின் உச்ச அளவைத் தீர்மானிப்பது கம்பி அன்று, வெயிலே.

அப்படியானால் ஃபியூஸ் எதற்கு என்ற ஐயம் எழும். ஒரு சரத்தில் சில பலகைகள் ஷார்ட் ஆகி அதன் மின்னழுத்தம் குறைந்தால், மற்ற 14 சரங்களும் தங்கள் மின்னோட்டத்தை அதனுள் பின்னோக்கிச் செலுத்தக்கூடும். 14 × 9 = 126 ஆம்பியர். அப்போது ஃபியூஸ் எரிந்து காக்கும். ஆனால் காலை வெயிலிலும் மேகமூட்டத்திலும் இம்மின்னோட்டம் சிறியது. ஃபியூஸ் அசையாமல் இருக்கும். பழுதும் அப்படியே தங்கிவிடும்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. வீட்டில் மெயின் சுவிட்சை அணைத்தால் கம்பிகளில் மின்சாரம் இராது. கூரையில் இன்வெர்ட்டரை அணைத்தாலும் சரத்தின் முனைகளில் 800 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். சூரியனை அணைக்கச் சுவிட்சு இல்லை.

பழுதுகள் நான்கு வகை

முதல் வகை, அறுந்த சுற்று. ஒரு கனெக்டர் கழன்றாலும் ஒரு கம்பி அறுந்தாலும் அச்சரத்தின் 20 பலகைகளும் பயனற்றுப் போகும். இதனால் வருவாய் இழப்பு. உடனடி இடர் குறைவு.

இரண்டாம் வகை, நிழலும் அழுக்கும். ஒரு கலத்தின் மேல் மட்டும் பறவையின் எச்சமோ காய்ந்த இலையோ கிடந்தால் அக்கலம் மின்சாரம் தருவதை விட்டுவிட்டு, மற்ற கலங்கள் தரும் மின்சாரத்தை வெப்பமாக்கத் தொடங்கும். இதைத் தடுக்கப் பலகையில் மூன்று டயோடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 24 கலங்களுக்குக் காவல். நிழல் விழுந்த பகுதியை ஒதுக்கி, மின்னோட்டத்தை மாற்று வழியில் அனுப்புவது டயோடின் பணி. அந்த டயோடே பழுதானால் பலகையின் மின்னழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 13 வோல்ட், குறைந்துவிடும். 800 வோல்ட்டில் 13 வோல்ட் குறைவதை யார் கவனிப்பார்?

மூன்றாம் வகை, நிலக்கசிவு. கம்பியின் உறை கூரைத் தகட்டில் உரசித் தேய்கிறது, அணில் கடிக்கிறது, வெயிலில் உறை வெடிக்கிறது. கம்பியிலிருந்து மின்சாரம், எர்த் செய்யப்பட்ட இரும்புச் சட்டத்துக்குக் கசிகிறது.

நான்காம் வகை, மின்வில். சரியாகப் பொருந்தாத கனெக்டரின் நுண்ணிய இடைவெளியில் மின்சாரம் தாவும்போது பல ஆயிரம் டிகிரி வெப்பமுள்ள வில் உண்டாகிறது. நம் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சிகள் உடையது. ஆகவே நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுகிறது. ஒவ்வொரு முறையும் வில் அணைய ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. நேர்திசை மின்னோட்டம் சுழியைத் தொடுவதே இல்லை. எனவே அதில் பிடித்த வில் எளிதில் அணையாது. வில் எரியும்போது மின்னோட்டத்தில் விரைவான நடுக்கம் ஒன்று கலந்திருக்கும். அந்நடுக்கத்தைக் கேட்டறிந்து மின்சுற்றைத் துண்டிக்கும் கருவியைச் சூரிய நிலையங்களில் வைக்க வேண்டும் என்று அமெரிக்க மின் விதித்தொகுப்பு 2011ஆம் ஆண்டுப் பதிப்பில் வகுத்தது.

இந்நான்கில் மூன்றாம் வகைதான் ஏமாற்றுவதில் வல்லது. அதற்குச் சான்று ஒன்று பார்ப்போம்.

பேக்கர்ஸ்ஃபீல்டில் நடந்தது

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் பேக்கர்ஸ்ஃபீல்டு என்று ஓர் ஊர். அங்கே ஒரு பெரிய அங்காடியின் கூரையில் 383 கிலோவாட் சூரிய நிலையம் இருந்தது. 2009 ஏப்ரல் 5 அன்று அக்கூரையில் தீப்பற்றியது. ஆராய்ந்தவர்கள் கண்டது ஒரு பழுதை அன்று, இரண்டை.

அந்நிலையத்தின் எதிர்முனை ஒரு சிறு ஃபியூஸின் வழியாக நிலத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. கசிவு ஏற்பட்டால் அந்த ஃபியூஸ் எரிந்து, நிலையத்தை நிறுத்திவிடும் என்பது ஏற்பாடு. முதற்பழுது நேர்ந்தது எதிர்முனையைச் சேர்ந்த மெல்லிய கம்பி ஒன்றில். அதன் உறை தேய்ந்து உலோகத்தைத் தொட்டது. எதிர்முனையோ ஏற்கெனவே நிலத்தோடு இணைந்தது. இரு இடங்களுக்கும் மின்னழுத்த வேறுபாடு ஏறக்குறைய இல்லை. வேறுபாடு இல்லையேல் ஓட்டம் ஏது? மிகச் சிறிய மின்னோட்டமே கசிந்தது, ஃபியூஸ் எரியவில்லை, எச்சரிக்கையும் இல்லை. நிலையம் வழக்கம்போல் ஓடியது.

பிறகு இரண்டாம் பழுது வந்தது. தடித்த கம்பி ஒன்று சென்ற உலோகக் குழாய் வெயிலில் நீண்டும் குளிரில் சுருங்கியும் வந்ததில், குழாயின் இணைப்பிடத்தில் உறை கிழிந்தது. நேர்முனை உலோகத்தைத் தொட்டது. இப்போது ஃபியூஸ் தன் கடமையைச் செய்து எரிந்தது. ஆனால் மின்சாரம் நிற்கவில்லை. ஏனெனில் முதற்பழுது அதற்கு வேறொரு வழியைத் திறந்து வைத்திருந்தது. பல சரங்களின் மின்னோட்டம் முழுவதும் அந்த மெல்லிய கம்பியின் வழியே பாய்ந்தது. கம்பி பழுக்கக் காய்ந்தது, தீப்பற்றியது.

மாணவர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இரண்டாம் பழுது வரும் நாளை யாரும் அறிய முடியாது. முதற்பழுதை முன்பே கண்டிருந்தால், இரண்டாவது வந்தபோது ஃபியூஸ் காத்திருக்கும். முதற்பழுது தீங்கு செய்யாதது போலத் தோன்றும் காலந்தான் அதைத் தேடிப் பிடிக்க வேண்டிய காலம்.

இப்போது பரவலாக உள்ள இன்வெர்ட்டர்கள் இப்பாடத்தைக் கற்றவை. ஒவ்வொரு நாள் காலையிலும் வேலையைத் தொடங்கும் முன், சரங்களுக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள காப்புத் தடையை அளந்து பார்க்கின்றன. போதாது என்றால் ஓட மறுக்கின்றன. ஓடும்போதும், போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று ஒப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன. திடீரென்று 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலே நின்றுவிடும்படி அமைக்கிறார்கள். மனிதர் ஒருவர் கம்பியைத் தொட்டிருக்கலாம் அல்லவா?

மின்பணியாளர்களும் 'மெக்கர்' என்னும் கருவியால் காப்புத் தடையை அளப்பார்கள். 500 வோல்ட்டுக்கு மேற்பட்ட சரத்துக்கு 1000 வோல்ட் செலுத்திச் சோதிக்கும்போது குறைந்தது 1 மெகா ஓம், அதாவது பத்து லட்சம் ஓம், இருக்க வேண்டும் என்பது உலக அளவில் வழங்கும் தரம்.

இரண்டு அளவீடுகள், ஒரு விடை

கசிவு இருக்கிறது என்று இன்வெர்ட்டர் சொல்லிவிட்டது. எந்தப் பலகையில் என்று அது சொல்லாது. இனித்தான் நம் கணக்கு வருகிறது.

பழுதான சரத்தை, பயிற்சி பெற்ற மின்பணியாளர் முறைப்படி இன்வெர்ட்டரிலிருந்து பிரிக்கிறார். சரத்தின் இரு முனைகளும் இப்போது எதனோடும் சேராமல் நிற்கின்றன. சரத்தில் பழுதே இல்லை என்றால் நேர்முனைக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் அளவீடு நிலைத்து நில்லாமல் இறங்கிச் சுழியை நெருங்கும். நிலத்தோடு எங்கும் தொடர்பு இல்லாததே காரணம்.

ஆனால் நேர்முனையிலிருந்து எண்ணினால் 7ஆம் பலகைக்கும் 8ஆம் பலகைக்கும் இடையே கம்பி சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என வைத்துக்கொள்வோம். அவ்விடம் இப்போது நிலத்தின் மின்னழுத்தத்தில் இருக்கிறது. அங்கிருந்து நேர்முனை வரை 7 பலகைகள். ஆகவே நேர்முனைக்கும் எர்த்துக்கும் இடையே 7 × 40 = 280 வோல்ட் காட்டும். எதிர்முனைக்கும் எர்த்துக்கும் இடையே 13 × 40 = 520 வோல்ட் காட்டும்.

இதைத் திருப்பிப் போட்டால் சூத்திரம் கிடைக்கிறது. நேர்முனை அளவீட்டை இரண்டு அளவீடுகளின் கூட்டுத்தொகையால் வகுத்து, பலகைகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 280-ஐ 800-ஆல் வகுத்தால் 0.35. 0.35 × 20 = 7. கூரை மேல் ஏறி ஒவ்வொரு பலகையாகக் கழற்ற வேண்டுவதில்லை. கீழே நின்றபடியே ஏழாம் பலகையை அடுத்த கம்பி என்று சொல்லிவிடலாம்!

விடை முழு எண்ணாக வராமல் 7.33 என்று வந்தால்? பழுது கம்பியில் இல்லை; எட்டாம் பலகையின் உள்ளே, மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் இருக்கிறது என்று பொருள்.

கம்பி சட்டத்தை நன்றாகத் தொடாமல், ஈரத்தின் வழியே சிறிது சிறிதாகக் கசிந்தால் கணக்கு பிழைபடுமா? நல்ல கேள்வி. கசிவுப் பாதையின் தடை மல்டிமீட்டரின் உட்தடையோடு தொடரில் சேரும். மல்டிமீட்டர் தன் பங்கு மின்னழுத்தத்தை மட்டுமே காட்டும். ஆகவே இரண்டு அளவீடுகளும் குறையும். ஆனால் இரண்டும் ஒரே விகிதத்தில் குறையும்! எடுத்துக்காட்டாக 280-க்குப் பதில் 224 வோல்ட்டும், 520-க்குப் பதில் 416 வோல்ட்டும் காட்டலாம். கூட்டுத்தொகை 640. 224-ஐ 640-ஆல் வகுத்துப் பாருங்கள். அதே 0.35! இடம் மாறவில்லை.

இதில் இன்னொரு செய்தியும் மறைந்திருக்கிறது. 800 காட்ட வேண்டிய இடத்தில் 640 காட்டியது ஏன்? மல்டிமீட்டரின் உட்தடை 10 மெகா ஓம் என்றால், 800-ஐ 640-ஆல் வகுத்து, வரும் 1.25-இலிருந்து 1-ஐக் கழித்து, 10 மெகா ஓமால் பெருக்குங்கள். 2.5 மெகா ஓம். அதுவே கசிவுப் பாதையின் தடை. இரண்டே அளவீடுகளில் பழுதின் இடமும் கிடைத்தது, கடுமையும் கிடைத்தது.

இம்முறைக்கு ஒரு வரம்பு உண்டு. அடைமழையில் எல்லாப் பலகைகளும் நனைந்து ஒவ்வொன்றிலும் சிறிது கசிந்தால், சராசரியாகச் சரத்தின் நடுவில் பழுது இருப்பதுபோல் கணக்கு காட்டும். விடை சரியாகப் பாதி என்று வந்தால் நடுப்பலகையைக் கழற்றும் முன் இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். இன்னொன்று: ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரமான காலைகளில் ஓட மறுக்கும் இன்வெர்ட்டர், வெயில் ஏறிக் கூரை உலர்ந்ததும் தானே ஓடத் தொடங்கிவிடும். நண்பகலில் வந்து பார்ப்பவர் பழுதில்லை என்று சொல்லிப் போய்விடுவார். ஈரத்தில் தெரியும் பழுதை ஈரத்திலேயே அளக்க வேண்டும்.

அறுந்த இடத்தைக் காண

கம்பி அறுந்திருந்தால் வேறு வழிகள். 'டாங் டெஸ்டர்' என்று மின்பணியாளர் வைத்திருக்கும் கவ்விக் கருவி, கம்பியை வெட்டாமலே அதைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் கொண்டு மின்னோட்டத்தை அளக்கும். 15 சரங்களையும் ஒரே வேளையில் அளந்து ஒப்பிட்டால், 14 சரங்கள் 8.5 ஆம்பியர் காட்ட, ஒன்று மட்டும் சுழி காட்டும். எந்தச் சரம் என்று தெரிந்துவிட்டது.

அச்சரத்தில் எந்தப் பலகை? 20 பலகைகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். அதைவிட நல்ல வழி, பாதி பாதியாகப் பிரிப்பது. நடுவில் பிரித்து, எந்தப் பாதியில் மின்னழுத்தம் இல்லை என்று பார்க்க வேண்டும். 20 பத்தாகும், பத்து ஐந்தாகும், ஐந்து மூன்றாகும், பின் இரண்டாகும், பின் ஒன்றாகும். ஐந்தே சோதனைகள்! இரண்டின் ஐந்தாம் அடுக்கு 32. அது 20-ஐ விடப் பெரிது. இதுவே காரணம்.

கனெக்டரைக் கழற்றாமலே காணவும் வழி உண்டு. சரத்தின் ஒரு முனையிலிருந்து மிகக் குறுகிய மின்துடிப்பை அனுப்பினால், அறுந்த இடத்தில் மோதி எதிரொலி போலத் திரும்பி வரும். கம்பியில் துடிப்பின் வேகம் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு, அதாவது நொடிக்கு 20 கோடி மீட்டர். எதிரொலி 0.4 மைக்ரோ நொடியில் வந்தால் போய்வந்த தொலைவு 80 மீட்டர்; அறுந்த இடம் 40 மீட்டரில். கிணற்றில் கத்தி ஆழம் காணும் அதே கணக்கு.

எல்லாவற்றிலும் அழகானது வெப்பத்தால் காண்பது. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த அகச்சிவப்புக் கதிர்களை இன்று ஒளிப்படக் கருவியால் பார்க்க முடிகிறது. நல்ல பலகை தன்மேல் விழும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக வெளியே அனுப்பிவிடுகிறது. அறுந்த சரத்தின் பலகை எதையும் அனுப்புவதில்லை. அனுப்பாத ஆற்றல் எங்கே போகும்? ஆற்றல் அழியாது என்று படித்திருக்கிறீர்கள். அது வெப்பமாகிறது. ஆகவே வேலை செய்யாத சரம் முழுவதும் அண்டைச் சரங்களைவிடச் சில டிகிரி சூடாக, படத்தில் வெளிறித் தெரியும். டயோடு பழுதான பலகையில் மூன்றில் ஒரு பட்டை மட்டும் வெளிறும். நிழல் விழுந்த கலம் ஒற்றைப் பொட்டாக ஒளிரும். தளர்ந்த கனெக்டர், வில் பிடிக்கும் முன்பே ஒரு சூடான புள்ளியாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016ஆம் ஆண்டு 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே இருப்பவை ஏறத்தாழ 25 லட்சம் பலகைகள். நொடிக்கு ஒன்றாகப் பார்த்தாலும் இரவு பகல் ஓயாமல் 29 நாள் ஆகும். இத்தகைய பெரு நிலையங்களுக்காகவே அகச்சிவப்புக் கருவியைச் சிறு பறக்கும் டிரோன்களில் கட்டி மேலிருந்து படம் எடுக்கும் முறை உலகெங்கும் வளர்ந்திருக்கிறது.

செய்து பாருங்கள்

ஓர் எச்சரிக்கை முதலில். கூரைச் சூரியப் பலகைகளின் கம்பிகளையோ கனெக்டர்களையோ நீங்கள் தொடவே கூடாது. 800 வோல்ட் நேர்திசை மின்சாரம் உயிரைப் பறிக்கும். மேலே சொன்ன அளவீடுகள் பயிற்சியும் உரிய கையுறையும் கருவியும் உள்ளவர்களுக்கே உரியவை. ஆனால் அவர்கள் செய்யும் அதே கணக்கை உங்கள் மேசையில் 12 வோல்ட்டில் அச்சமின்றிச் செய்யலாம்.

1.5 வோல்ட் உலர் மின்கலங்கள் எட்டைத் தொடரில் இணையுங்கள். ஒவ்வொரு கலமும் ஒரு பலகை. நண்பரை அழைத்து, ஏதாவது ஒரு சந்திப்பில் ஒரு கம்பியைச் செருகச் சொல்லுங்கள். பிறகு கலங்களைச் செய்தித்தாளால் மூடி, இரு முனைகளையும் செருகிய கம்பியையும் மட்டும் வெளியே விடச் சொல்லுங்கள். செருகிய கம்பிதான் எர்த். இந்த மூன்று கம்பிகளும் ஒன்றையொன்று தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

மல்டிமீட்டரால் நேர்முனைக்கும் எர்த்துக்கும் இடையே அளங்கள். பின் எதிர்முனைக்கும் எர்த்துக்கும் இடையே அளங்கள். 4.5 வோல்ட்டும் 7.5 வோல்ட்டும் வந்தால் விடை 3. மூன்றாம் கலத்துக்கும் நான்காம் கலத்துக்கும் இடையே கம்பி இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தாளை நீக்குங்கள். அடுத்து, எர்த் கம்பியில் 10 மெகா ஓம் தடை ஒன்றைத் தொடரில் சேர்த்து மீண்டும் அளங்கள். அளவீடுகள் இரண்டும் குறையும், விகிதம் மாறாது. கலங்கள் பழையவையாக இருந்தால் விடை முழு எண்ணிலிருந்து சிறிது விலகும். ஏன் என்று எண்ணிப் பாருங்கள். கூரையிலும் சில பலகைகள் மற்றவற்றைவிட முதுமை அடைந்திருக்கும். மின்பணியாளருக்கும் அதே சிறு விலகல் வரும்.

மூன்று கேள்விகள்

1. 18 பலகைகள் கொண்ட சரத்தில் நேர்முனைக்கும் எர்த்துக்கும் 210 வோல்ட், எதிர்முனைக்கும் எர்த்துக்கும் 420 வோல்ட். பழுது எங்கே?

2. மின்துடிப்பின் எதிரொலி 0.6 மைக்ரோ நொடியில் திரும்பியது. அறுந்த இடம் எவ்வளவு தொலைவில்?

3. மின்னழுத்த விகித முறையை இரவில் பயன்படுத்த முடியுமா?

விடைகள்: 1. 210-ஐ 630-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்கினால் 6. ஆறாம் பலகைக்கும் ஏழாம் பலகைக்கும் இடையே. 2. 60 மீட்டர். 3. முடியாது. இரவில் பலகைகள் மின்னழுத்தம் தருவதில்லை. பங்கிட்டுப் பார்க்க ஒன்றும் இராது. இரவில் கசிவு இருக்கிறதா என்று காண, மெக்கர் போல வெளியிலிருந்து மின்னழுத்தம் செலுத்தும் கருவி வேண்டும். ஆனால் எந்தப் பலகையில் என்று இவ்விகித முறையால் காண, பொழுது விடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.